மயில் உள்ளானுக்கு ஜாமீன் இல்லை

புதிதாக பீட் ஆபீசர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். முப்பத்துநாலு வருஷம் வனத்துறையில் இருந்தவன், ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் ஆகிறது, நல்லதாக நாலு விஷயம் இல்லாமலா போகும் என்று நினைத்திருப்பார்கள். "பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும்படி எழுதுங்கள்" என்று வேறு சொன்னார்கள். உற்சாகம் வேண்டுமானால் செம்மரக் கட்டை பிடித்த கதை சொல்ல நம் டிபார்ட்மெண்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஓடுகிற லாரியில் தொற்றியவர்கள், மலையில் மூன்று நாள் பட்டினி கிடந்தவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். நான் எழுதப்போவது நாலு பறவைகளைப் பற்றி. அந்த நாலும் கெட்டது என்னால்தான்.

பறவை கேஸ் என்றாலே நம் ஆபீசில் ஒரு சிரிப்பு உண்டு. உங்களுக்கும் சீக்கிரம் பழகிவிடும். காடையோ கொக்கோ பிடித்து வைத்திருப்பவனைக் கொண்டுவந்தால், "மசாலா அரைச்சாச்சா?" என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். செம்மரம் பிடித்தால் பேப்பரில் படம் வரும், பறவை பிடித்தால் எழுதுவதற்குத் தாள்தான் செலவு.

எனக்கு ஓய்வுக்கு ஆறு வருஷம் இருந்தது. செக்‌ஷன் ஆபீசர். ஆந்திர எல்லையோரம், விஜயபுரம் பக்கத்தில் ஒரு ஏரி, பெயர் வேண்டாம். அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. தை பிறந்தும் ஏரியில் தண்ணீர் நின்றது. மதகுக்குக் கீழே சேறும் கோரையுமாக ஒரு ஐந்தாறு ஏக்கர், அதற்கு அப்பால் சம்பா அறுப்பு. ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது. ஏரிக்கரையில் ஒருவன் கண்ணி வைத்திருக்கிறான் என்று. வாட்சரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கண்ணி வைத்தவர், பறவை பிடித்து விற்கும் வலைக்காரர், எங்களைப் பார்த்தும் ஓடவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும், முழங்கால் வரை சேறு, பக்கத்தில் ஈரத்துணி போர்த்திய மூங்கில் கூடை. ஓடாதவனைப் பிடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. துணியை எடுத்தேன். கௌதாரி அளவில் நாலு பறவைகள், நீளமான அலகு, மங்கலான பழுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளிகள். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி ஒரு வெளிறிய கோடு. மயில் உள்ளான் என்று பெயர் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"சாரே, என் மேல கேஸ எழுதிக்க, வேணான்னு சொல்லல" என்றார் வலைக்காரர். "இதுங்கள மட்டும் இப்பவே வுட்டுடு. முட்ட மேல ஒக்காந்துக்கினு இருந்ததுங்க."

"முட்ட மேல ஒக்காந்திருக்கறது தெரிஞ்சேதான் புடிச்சியா?"

"தெரிஞ்சேதான். பகல்ல இதுங்க வேற எங்கயும் கண்ணுல ஆப்புடாது. ஒக்காந்த எடத்துலதான் ஆப்புடும். தப்புதான்."

நம்பாமல் நின்றதைப் பார்த்து, என்னைச் சேற்றில் இறக்கிக் கூட்டிப்போய்க் காட்டினார். கோரை நடுவே புல்லை அமுக்கி வைத்த ஒரு சின்ன மேடு. அதில் நாலு முட்டைகள், மஞ்சளாக, மேலே மை தெளித்த மாதிரி கறைகள். இருபது அடி தள்ளி இன்னொரு மயில் உள்ளான் நின்றது. இது கொஞ்சம் பெரியது. செம்பு நிறக் கழுத்து, பளிச்சென்று வெள்ளைப் பட்டை, கூடையில் இருப்பவற்றைவிட நூறு மடங்கு அழகு.

"தோ நிக்குதே, அது இன்னா?" என்று கேட்டேன்.

"அதான் பொட்ட. கூடைல கெடக்கறதெல்லாம் ஆம்பள."

"அப்ப இன்னா? தாயி அங்கயே நிக்குது, அது வந்து ஒக்காந்துக்கும்."

"ஒக்காராது சாரே. முட்டய போட்டதோட அதோட வேல முடிஞ்சிது. அடுத்த ஆம்பளய தேடிக்கினு போய்டும். அட காக்கறது, பொரிச்சப்புறம் குஞ்ச மேச்சிக்கினு திரியறது எல்லாம் இந்த மங்கலா கீதே, இதுதான்."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "ஏன்டா, உங்க ஊட்லயும் அப்படித்தானா?" என்று கேட்டேன். வாட்சர் விழுந்து விழுந்து சிரித்தான். வலைக்காரர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவர். 'டா' போட எனக்கு யார் உரிமை கொடுத்தது என்று அன்று தோன்றவில்லை.

என் மனதில் ஓடிய கணக்கு வேறு. பறவை இல்லாவிட்டால் கேஸ் இல்லை. கேஸைக் கழற்றிவிடத்தான் இந்தக் கதையெல்லாம் சொல்கிறான் என்று நினைத்தேன். உயிரோடு பிடித்த எதையும் மேஜிஸ்ட்ரேட் முன்னால் காட்டி, உத்தரவு வாங்கித்தான் விடுவது என்பது எங்கள் ரேஞ்சின் வழக்கம். அதைவிட முக்கியமாக, அதற்கு நாலு வருஷம் முன்பு என் காவலில் இருந்த செம்மரக் கட்டைகளில் ஒன்று குறைந்துபோய் மெமோ வாங்கியிருந்தேன். ரெண்டு மாதம் சஸ்பென்ஷனில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு 'கேஸ் பிராபர்ட்டி' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

சாட்சி வைத்துப் பஞ்சநாமா எழுதி, கையெழுத்து வாங்கி, கூடையை செக்‌ஷன் ஆபீசுக்குக் கொண்டுவந்தோம். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். ஆளுக்கு ஜாமீன் கொடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது. ஊர்க்காரர் ஒருவர் வந்து பொறுப்பு ஏற்றார், சாயந்திரத்துக்குள் பிடித்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். பிடிபட்டவை மட்டும் உள்ளே இருந்தன.

அன்றே மேஜிஸ்ட்ரேட் வீட்டுக்குப் போயிருக்கலாம். வண்டியில் அரைமணி நேரம்தான். அவசரம் என்றால் வீட்டில் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். போகவில்லை. காரணம், மறுநாள் சித்தூரில் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. எங்களுடையது பழைய மிஷன் சபை. அந்த வருஷம் காணிக்கையாக வரும் நெல், பூசணி, வாழைத்தார் எல்லாம் அடுக்கும் பொறுப்பும், வேதபாடம் வாசிக்கும் முறையும் எனக்கு வந்திருந்தது. சனிக்கிழமை சாயந்திரமே அங்கே இருக்கவேண்டும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வாட்சரிடம் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்புவதற்கு முன்னால் பறவைகளைப் போட்டோ பிடித்து, திருப்பதியில் காலேஜில் பாடம் எடுக்கும் ஒரு அம்மாவுக்கு அனுப்பினேன். பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர், நன்றாகத் தெரிந்தவர். சந்தேகம் கேட்க அனுப்பினேன் என்று சொன்னால் பொய். 'சபாஷ்' வாங்க அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வெளியே கேட் பக்கம் யாரோ என்னைக் கேட்கிறார்கள் என்று வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தால் வலைக்காரர். சலவைச் சட்டை போட்டிருந்தார். வாட்சரிடம் விசாரித்துக்கொண்டு விஜயபுரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"சாரே, விடிகாலைல போய் பாத்தன். ஒரு பொட்டயும் ஒக்காரல. ஒரு கூட்ட காக்கா கொத்திக்கினு போச்சி. மிச்சம் மூணு கீது. இன்னிக்கி வுட்டாகூட தேறும்."

"கேஸ்ல இருக்கறவன் ஆபீசர்கிட்ட தனியா வந்து பேசக்கூடாது. நாளைக்கு கோர்ட்ல சொல்லிக்க."

"நாளைக்கு இன்னாத்த சொல்றது? நாளைக்கு முட்ட இருக்காது."

சபையார் எங்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கேஸ்காரன் ஆபீசரைத் தேடி சர்ச்சுக்கே வந்துவிட்டான், என்ன பேரமோ என்று நினைப்பார்கள். என் கவலை அதுவாக இருந்தது. "ஒனக்கு ஏன் இவ்ளோ அக்கற? பறவய புடிச்சி விக்கறவன்தானே நீ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"விக்கறவன்தான். அதனாலதான் வந்தன். அந்த ஏரில குஞ்சு நடந்தாதான் வர்ற வருஷம் எனக்கு துன்ன எதுனா கெடைக்கும். நான் புண்ணியத்துக்கு வரல சாரே." குரலை இறக்கிச் சொன்னார்: "நான் புடிச்சது ஒரு தப்பு. நீ வச்சிக்கினு இருக்கறது ரெண்டாவது தப்பு. மொத தப்புக்கு என்ன புடிச்ச. ரெண்டாவதுக்கு யார புடிப்ப?"

நான் உள்ளே போய்விட்டேன். வேதபாடம் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று அன்றைக்கே யாராவது கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிடிக்கும் ஒவ்வொருவரும் உங்களிடம் ஏதாவது சொல்வார்கள். தப்பிக்கத்தான் சொல்வார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் தன் லாபத்துக்காக ஒருவன் சொல்வதாலேயே அது பொய்யாகிவிடாது. இது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் உறைத்தது. அந்த ஏரியைப் பற்றி அந்த மண்டலத்திலேயே அதிகம் தெரிந்தவர் அந்த வலைக்காரர். எப்படித் தெரியும்? முப்பது வருஷம் அந்தப் பறவைகளைக் கொன்று தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்ட வழி எனக்குப் பிடிக்கவில்லை என்பதால், தெரிந்த விஷயத்தையே தள்ளிவிட்டேன். கள்ளன் கையில் விளக்கு இருந்தால் வெளிச்சம் பொய்யா?

மத்தியானம், பண்டிகைச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது திருப்பதி அம்மா போன் செய்தார். சபாஷ் இல்லை.

"சார், இந்த நாலும் ஆண் பறவை. கூட்டுலேர்ந்தா எடுத்தாங்க?"

"ஆமாம்மா. நேத்து காலைல."

"சார், இந்த இனத்துல பெண் அடைகாக்காது. ஒரு ஆணோட சேர்ந்து முட்டை வச்சுக் கொடுத்துட்டு அடுத்த ஆணைத் தேடிப் போயிடும். ஒரு சீசன்ல ரெண்டு மூணு ஆண். அடைகாக்கறதும் குஞ்சு வளக்கறதும் ஆண் மட்டும்தான். நீங்க பிடிச்சு வச்சிருக்கறது நாலு பறவை இல்ல சார், நாலு குடும்பம். எங்க இருந்தாலும் உடனே போய் விடுங்க."

அதே விஷயம். வலைக்காரர் சேற்றில் நின்று சொன்னபோது சிரித்தேன். படித்தவர் போனில் சொன்னபோது கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டேன்.

இலையை மூடிவிட்டு எழுந்து ரேஞ்சருக்குப் போன் போட்டேன். என்னைவிட பதினைந்து வயது சின்னவர், நேரடியாக ரேஞ்சராக வந்தவர், கெட்டவர் இல்லை. "அண்ணா, கேஸ் பிராபர்ட்டியை ஆர்டர் இல்லாம எப்படி விடுவீங்க? அந்தக் கட்டை விஷயம் மறந்துபோச்சா உங்களுக்கு?" என்றார். பிறகு, "நீங்க எனக்குப் போன் பண்ணவே இல்ல, சரியா அண்ணா?" என்றார். விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. இந்த மாதிரிப் போன் உங்களுக்கும் வரும். அதற்கு அர்த்தம், முடிவு உங்களுடையது என்பதுதான். நான் அதை 'விடாதே' என்று எடுத்துக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது.

ஆனாலும் சித்தூரில் நிற்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நகரி வழியாக வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆபீஸைத் திறந்து கூடையைப் பார்த்தேன். ரெண்டு செத்துக் கிடந்தன. வாட்சர் நல்ல எண்ணத்தில் அரிசி போட்டிருந்தான். சேற்றில் புழு தின்னும் பறவைக்கு அரிசி. ஒரு மணிகூடக் குறையவில்லை. உயிரோடிருந்த ரெண்டும் செத்தவற்றிலிருந்து முடிந்தவரை விலகி, கூடையின் மூலையில் ஒண்டிக்கிடந்தன.

அங்கிருந்து ஏரி எட்டு கிலோமீட்டர். வண்டி எஞ்சின் இன்னும் சூடாகவே இருந்தது. கூடையைத் தூக்கி முன்னால் வைத்தால் கால்மணி நேரம். 'ரெண்டு செத்தது, ரெண்டு பறந்துபோனது' என்று எழுதினால் ஒரு மெமோ வரும், மிஞ்சிப்போனால் இன்னொரு ரெண்டு மாதம். பென்ஷன் போகாது. வீட்டுக்காரி திட்டுவாள், அவ்வளவுதான். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மூடிவிட்டேன்.

பிறகு மேஜையில் உட்கார்ந்து, செத்த ரெண்டு பறவைகளுக்கும் பஞ்சநாமா எழுதினேன். நீளம், நிறம், இறந்த நேரம் எல்லாம் சுத்தமாக எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசானது. பயந்ததைக்கூட மன்னித்துக்கொள்கிறேன், பயம் மனுஷனுக்கு வருவதுதான். தாள் நிரம்பியதும் நிம்மதி வந்ததே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டில் மேஜிஸ்ட்ரேட் அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். என் ரிப்போர்ட்டைப் படித்தார். பிறகு வலைக்காரரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் தெலுங்கில் நாலு வரியில் சொல்லி முடித்தார். பிடித்தேன், தப்பு, முட்டை மேல் இருந்தவை, அன்றே விடச் சொன்னேன். மேஜிஸ்ட்ரேட் என் பக்கம் திரும்பினார்.

"குட்லு ஏமய்யாயி?" முட்டைகள் என்ன ஆயின?

எனக்குத் தெரியாது. மூன்று நாளில் நான் போய்ப் பார்க்கவே இல்லை என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்கே தெரிந்தது. நான் ஃபைலைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, "நா இல்லு ஏ ஊர்லோ உந்தோ மீக்கு தெலீதா?" என்றார். என் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார், சத்தம் போடாமல்தான் கேட்டார். அங்கேயே உத்தரவு எழுதினார். உடனே விடவேண்டும், எடுத்த இடத்திலேயே விடவேண்டும், இடம் காட்ட இவரையே கூட்டிப் போகவேண்டும்.

கேஸ்காரரை என் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். கூடை அவர் மடியில் இருந்தது.

முதல் கூட்டில் ஓடுகள் மட்டும் இருந்தன, காக்கையின் வேலை. ரெண்டாவது இடத்தில் மதகு திறந்து தண்ணீர் ஏறியிருந்தது, மேடே இல்லை. மூன்றாவதில் முட்டையும் இல்லை, ஓடும் இல்லை, சேற்றில் கீரிப்பிள்ளையின் கால்தடம் இருந்தது. நாலாவது கூட்டில், நான் முதல் நாள் பார்த்த அதே கூட்டில், நாலு முட்டைகளும் அப்படியே இருந்தன. வலைக்காரர் குனிந்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். "வுட்டுப் பாப்பம்" என்றார். எந்தப் பறவை எந்தக் கூட்டினது என்று அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "அதுங்களுக்குத் தெரியும்" என்று ரெண்டையும் ஒன்றாகவே கோரைக்குள் இறக்கினார். ஒன்று எழும்பி ஏரியைத் தாண்டிப் போய்விட்டது. மற்றது தலையைத் தாழ்த்திக்கொண்டு, நடந்து, நின்று, மறுபடி நடந்து, நேராக அந்தக் கூட்டுக்குப் போய் உட்கார்ந்தது.

வலைக்காரரின் தோளைத் தட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், இருபது கட்டைவிரல் வந்தது. 'ஒரு பறவை தன் கூட்டுடன் சேர்க்கப்பட்டது' என்று ரிப்போர்ட் எழுதினேன். கேஸ் பின்னால் ஜெயித்தது. ஃபைலை எடுத்துப் பார்த்தால் என் சர்வீஸிலேயே ஒழுங்கான கேஸ் அதுதான் என்று தோன்றும்.

அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஏரிக்குப் போனேன். பறவை உட்கார்ந்தே இருந்தது. பொழுது இறங்கும் நேரத்தில் கோரைக்குள்ளிருந்து பெண் பறவை கூப்பிடும். வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அந்தச் சத்தம். அடுத்த ஆணைத்தான் கூப்பிடுகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். உட்கார்ந்திருப்பது அசையாது. அதற்குக் கையில் வேலை இருக்கிறது என்று நான் சந்தோஷப்படுவேன். பதினெட்டு இருபது நாளில் பொரித்துவிடும் என்று திருப்பதி அம்மா சொல்லியிருந்தார். இருபது போனது, இருபத்திரண்டு போனது. ஏற்கெனவே எத்தனை நாள் உட்கார்ந்திருந்ததோ, அதையும் சேர்த்தால் எப்போதோ குஞ்சு நடந்திருக்க வேண்டும்.

இருபத்தைந்தாம் நாள் கரையில் வலைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் கண்ணி இல்லை.

"கூமுட்ட சாரே" என்றார். "அன்னிக்கே தெரியும். சில்லுனு இருந்தது. சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு சொல்லல."

"அதுக்குத் தெரியாதா?"

"அதுக்கு எப்படித் தெரியும்? ஒக்கார்றது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்." கோரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மேய்ச்சலுக்குக்கூட சரியா எழுந்துக்கறதில்ல. எளச்சிப்போச்சி பாரு. முட்ட இருக்கற வரைக்கும் எழுந்திருக்காது. எடுத்துட்டா, எழுந்து போய் வேற பொட்டயோட சேரும். ஏரில இன்னும் ஒரு மாசத்துக்குத் தண்ணி கீது."

"அப்ப நீயே எடுத்துடு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. "நான் எடுத்தா கேஸு. நீ எடு."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினேன். கை எட்டும் தூரம் போகும்வரை பறவை எழவில்லை. பிறகு எழுந்து நின்று, ரெண்டு இறக்கைகளையும் விரித்து, புள்ளிகள் எல்லாம் தெரிய என் முன்னால் காட்டியது. என்னைப் பயமுறுத்துகிறதாம். நான் இன்னும் ஒரு அடி வைத்ததும் கோரைக்குள் ஓடிவிட்டது. நாலு முட்டைகளையும் எடுத்தேன். ஒன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர் களக் களக் என்றது. கைக்குட்டையில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்து நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் பறவை வந்தது. இருந்த இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தது. அலகால் புல்லை விலக்கிப் பார்த்தது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கிடந்த ரெண்டு கோரைத்தாளை இழுத்து ஓரத்தில் சேர்த்தது. பிறகு மார்பைத் தாழ்த்தி, உடம்பை ஒருமுறை அசைத்துச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமில்லாத புல்லின் மேல் உட்கார்ந்தது.

"வா சாரே" என்றார் வலைக்காரர். "நாம நிக்கிற வரைக்கும் அது எழுந்துக்காது."

கரையோடு நடந்து வண்டிக்கு வந்தோம். அதுவரைக்கும் கைக்குட்டைக்குள் அந்த முட்டைகளின் சூடு ஆறவில்லை.